தண்ணீர் பழுப்பாகிறதே, ஆர்.ஓ. வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: தண்ணீர் சோதனை இலவசம் என்று எங்கள் அபார்ட்மென்டுக்கு ஒருவர் வந்தார். ஒரு டம்ளரில் எங்கள் மெட்ரோ தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த, ஆர்.ஓ. மெஷினில் உப்பை வடித்தெடுத்த தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி ஸ்விட்சைப் போட்டார். ஒரு நிமிடத்தில் எங்கள் தண்ணீர் சேறு மாதிரி ஆகிவிட்டது, அவருடையது தெளிவாகவே இருந்தது. "இதைத்தான் உங்க பிள்ளைங்க குடிக்கிறாங்க" என்றார். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 310 காட்டியது. பயந்துபோய் 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம். மெஷின் விலை 18,000. வாங்கலாமா?
(ஒரு வாசகி, சென்னை அண்ணா நகர்)

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். டம்ளரில் நீங்கள் பார்த்த சேறு அந்தக் கருவியின் கம்பியிலிருந்து வந்த துரு.

அந்தக் கருவியில் இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் வழியாக மின்சாரம் பாய்கிறது. அப்போது இரும்பு கரைந்து, காற்றோடு சேர்ந்து துருவாகித் திரள்கிறது. குடிக்க நல்ல கிணற்றுத் தண்ணீரானாலும் இப்படித்தான் ஆகும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பி கரையாது, அதனால் தெளிவாக நிற்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுக்கு இப்படி ஒருவர் வந்தபோது நான் உப்பு டப்பாவோடு போனேன். அவருடைய ஆர்.ஓ. தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, மறுபடி கருவியை இறக்கச் சொன்னேன். முதலில் தயங்கினார், அப்புறம் போட்டார். கலங்கியது பாருங்கள், அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரைவிட மோசமாக. சமையல் உப்பில் ஏது சேறு? நீங்களும் கேட்டுப் பாருங்கள். ஆனால் கருவி நேரே கரண்டில் ஓடுவது, டம்ளருக்குள் விரலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது 310. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரத்தில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. 600-க்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குடிக்க நன்றாக இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் தண்ணீர் இந்த இரண்டு அளவுக்கும் உள்ளேதான் இருக்கிறது. டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. காரணம், வீணாகும் தண்ணீர். வீட்டு ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் தர ஏறக்குறைய மூன்று லிட்டரை வெளியே தள்ளும். தினமும் பத்து லிட்டர் பிடித்தால் மாதம் 900 லிட்டர் சிங்க்கில் போகிறது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்ற ஊரில் இதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் வீட்டில் கவலைப்பட வேண்டியது கிருமிதான். அது அந்த மீட்டரில் தெரியாது. கீழே சம்பு, மேலே டேங்க், இரண்டையும் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று சங்கத்தில் கேளுங்கள். தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் தாண்டினாலே கிருமி சாகும். மெஷின்தான் வசதி என்றால் கார்பன் ஃபில்டரோடு யு.வி. (கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு) இருப்பது போதும், அந்த விளக்கை உரிய காலத்தில் மாற்ற வேண்டும், கலங்கிய தண்ணீரில் அது சரியாக வேலை செய்யாது.

முன்பணத்தை விட்டுவிடாதீர்கள். ஆர்டரை ரத்து செய்வதாக இன்றே எழுத்தில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொய்ச் சோதனை காட்டி விற்பது நியாயமற்ற வணிக முறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டி.டி.எஸ். 450-தான். குடிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் தெருவில் பல பிள்ளைகளுக்குப் பல்லில் மஞ்சள் கறை. எங்களுக்கும் ஆர்.ஓ. தேவையில்லை என்று இருந்துவிடலாமா?
(ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: கூடாது. உங்கள் பகுதியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃப்ளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் அது பாறையிலிருந்தே கரைந்து வருகிறது. ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், மேல் வரம்பு 1.5. 450-க்குள் இரண்டு மூன்று மில்லிகிராம் ஒளிந்திருந்தால் மீட்டர் எப்படிக் காட்டும்? நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. நிலைப்பற்கள் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் எட்டு வயதுக்குள் இதைக் குடித்தால் கறை விழும். நீண்ட காலம் அளவு மிஞ்சிக் குடித்தால் எலும்பையும் தாக்கும். காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். யு.வி.யாலும் பயனில்லை.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. சுத்தமான பாட்டிலில் தண்ணீர் கொடுத்து, ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் இந்த ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்காகவே வந்தது. அந்தத் தண்ணீர் தெருவுக்கு வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடியுங்கள், போர் தண்ணீர் குளிக்கத் துவைக்க இருக்கட்டும். வரவில்லை, ஆய்வறிக்கையிலும் அளவு கூடுதல் என்றால் ஆர்.ஓ. வாங்குங்கள், அது ஃப்ளோரைடைக் குறைக்கும். சோறு வடிப்பதும் அந்தத் தண்ணீரில்தான் இருக்க வேண்டும். மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரில் ஃப்ளோரைடு இன்னும் அதிகம் இருக்கும். தரை துடைக்கலாம், மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி: பாட்டில் தண்ணீரில் லட்சக்கணக்கில் பிளாஸ்டிக் துகள் இருப்பதாகப் படித்தேன். நாங்கள் வாங்குவது கேன் தண்ணீர். காய்ச்சினால் துகள் போய்விடுமா?
(ஒரு வாசகி, திருப்பூர்)

பதில்: நீங்கள் படித்தது கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாக இருக்கும். 2024 ஜனவரியில் வெளிவந்தது. அமெரிக்காவில் விற்கும் மூன்று பிராண்டு பாட்டில்களைச் சோதித்ததில் லிட்டருக்குச் சராசரியாக 2.4 லட்சம் துகள்கள். பத்தில் ஒன்பது பங்கு நானோ அளவு. உடலுக்குள் அவை என்ன செய்கின்றன என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

காய்ச்சும் விஷயம் அடுத்த மாதமே சீனாவின் குவாங்சோவிலிருந்து வந்த ஆய்வு. ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தபோது கடின நீரில் 90 சதவீதம் வரை துகள் குறைந்தது. போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, நாம் சுரண்டிச் சுரண்டிக் கழுவும் அந்தச் சுண்ணாம்புப் படிவுதான் பிளாஸ்டிக் துகளைப் பொதிந்துகொண்டு கீழே இறங்குகிறது. ஆறவைத்து மேலாக வடித்தால் போதும். சுண்ணாம்பு குறைந்த மென்மையான நீரிலோ துகள் 25 சதவீதம்தான் குறைந்தது.

உங்களுக்குச் சிக்கல் இங்கேதான். கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்.ஓ.வில் வடித்தது, அதில் சுண்ணாம்பு சொற்பம். அதனால் காய்ச்சினாலும் பெரிய பலனை எதிர்பார்க்க முடியாது. நகராட்சிக் குழாய்த் தண்ணீர் நன்றாக வந்தால் அதைக் காய்ச்சி வடித்துக் குடிப்பதே மேல் என்பேன். கேனை விட முடியாத வீட்டில், வெயிலில் கிடந்த கேனைத் திருப்பி அனுப்புங்கள். மூடியில் சீல், தயாரித்த தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றையும் பாருங்கள். கீறல் விழுந்து மங்கிய பழைய கேன் வேண்டாம். வந்தவுடன் எவர்சில்வர் குடத்துக்கோ மண்பானைக்கோ மாற்றிவிடுங்கள்.