பருமன், ஜீன், பைபாஸ்: வாசகர் கேள்விகள்

எடை 96 கிலோ, பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு) 34. மூன்று வாரத்தில் இதய பைபாஸ் ஆபரேஷன். பட்டினி கிடந்து குறைத்துவிடவா?

வேண்டவே வேண்டாம். கொழுப்போடு தசையும் கரையும். ஆபரேஷனில் அறுத்த நெஞ்செலும்பு ஒன்றுசேரப் புரதம் தேவை. ஆபரேஷனில் இறப்பு அபாயம் எடையோடு சேர்ந்து நேராக ஏறுவதில்லை. மிக ஒல்லியானவர்களுக்கும் பி.எம்.ஐ. 40-ஐத் தாண்டியவர்களுக்கும்தான் அது அதிகம். (அதற்காகப் பருமன் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.) சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள். அதற்கான கருவியான மூன்று பந்து ஸ்பைரோமீட்டரைப் பலர் ஊதுகிறார்கள். உறிஞ்ச வேண்டும்; பந்து ஏறியதும் மூன்று விநாடி நிறுத்த வேண்டும்.

எனக்குச் சர்க்கரையும் உண்டு. நெஞ்சுப் புண் ஆறாதாமே?

ஆறும், ஆனால் கவனம் கூடுதலாக வேண்டும். கொழுப்புப் படலத்தில் ரத்த ஓட்டம் குறைவு. ஆன்டிபயாட்டிக்கும் சரியாகப் போய்ச் சேராது. அதனால்தான் 120 கிலோவைத் தாண்டியவர்களுக்கு செஃபசோலின் என்ற ஆன்டிபயாட்டிக் 2 கிராமுக்குப் பதில் 3 கிராம், கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள். நெஞ்செலும்புக்கு ரத்தம் தருவதே இரு மார்புத் தமனிகள்தான். இரண்டையும் இதய அடைப்பைத் தாண்டும் மாற்றுக்குழாயாக எடுத்தால் எலும்பு வாடும்; உங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கத்தோடு நிறுத்துவார்கள். பெண்களுக்கு மார்பின் கனம் தையலை இழுக்கும், தாங்கும் உள்ளாடை அவசியம். இருமும்போது நெஞ்சில் 'டக்' என்று சத்தமோ, தையலில் நீர்க்கசிவோ இருந்தால் அன்றைக்கே சர்ஜனிடம் போங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

சர்க்கரைக்கு எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்தணுமா?

குறைந்தது மூன்று நாள் முன்பே, டாக்டரைக் கேட்டு. சர்க்கரை அளவு சரியாகவே இருந்தாலும் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடும். சர்க்கரைக்கோ எடைக்கோ செமக்ளூடைட் ஊசி போடுபவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காதீர்கள். இரைப்பை காலியாகத் தாமதமாகும்; மயக்கத்தில் உணவு மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகலாம்.

அப்பாவும் குண்டு, நானும் குண்டு. ஜீன் டெஸ்ட் எடுத்தால் ஆபரேஷனுக்கு உதவுமா?

இன்றைக்கு உதவாது, காசை மிச்சப்படுத்துங்கள். விஷயம் சுவாரசியமானதுதான். பருமனோடு எஃப்டிஓ ஜீனுக்குள்ள தொடர்பு 2007-இல் தெரிந்தது. கோளாறு அந்த ஜீனில் இல்லை, அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு சுவிட்சில் என்று 2015-இல் காட்டினார்கள். அது தள்ளியிருக்கும் ஐஆர்எக்ஸ்3, ஐஆர்எக்ஸ்5 ஜீன்களை முடுக்கிவிட, கொழுப்பு செல் எரிப்பதைக் குறைத்துச் சேமிக்கிறது. பைபாஸ் முடிந்த இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நாடி தாறுமாறாக ஓடுவதுண்டே, அதற்கும் பிஐடிஎக்ஸ்2 ஜீனை ஒட்டிய மாறுபாடுகளோடு தொடர்பு உண்டு. இதயத்தின் மேல் படிந்த கொழுப்பு அழற்சியைக் கிளப்பி அதைத் தூண்டிவிடும். ஆனால் ஜீன் ரிப்போர்ட்டைப் பார்த்து யாரும் சிகிச்சையை மாற்றுவதில்லை. இதயத் துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் இருப்பது அதைவிடப் பலன் தரும்.

பி.எம்.ஐ. 26. நான் பருமனா?

இந்தியர்களுக்கான அளவுகோலில், ஆம், 25-லேயே தொடங்கிவிடுகிறது. இடுப்பையும் அளந்துவிடுங்கள்: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ.தான் எல்லை.