படுத்தால் மூச்சு வாங்குகிறது. அம்மாவைக் குப்புறப் படுக்க வைக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. முப்பது வருடத்துக்கு மேல் விறகடுப்பில் சமைத்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊதிப் பார்க்கும் டெஸ்ட் எடுத்து சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் இறுகிப்போகும் நீண்டநாள் நுரையீரல் நோய்) என்றார்கள். இன்ஹேலர் போடுகிறார். மூன்று மாதமாகப் படுத்தாலே மூச்சு வாங்குகிறது. ஒரு தலையணை வைத்துப் படுத்தவருக்கு இப்போது மூன்று வேண்டியிருக்கிறது. நடுராத்திரி எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரில் உட்கார்ந்தால் 92, மல்லாந்து படுத்தால் 89, இடது பக்கம் ஒருக்களித்தால் 86 காட்டுகிறது. அப்போது குப்புறப் படுத்தால் ஆக்சிஜன் ஏறும் என்று சொன்னார்களே என்று ஒருநாள் படுக்க வைத்தேன். இரண்டே நிமிடத்தில் “என்னைக் கொல்லப் பாக்குறியா” என்று எழுந்துவிட்டார். சாயங்காலம் காலில் லேசாக வீக்கம் வருகிறது, அது வயதுக்குச் சகஜம்தானே. எந்தப் பக்கம் படுக்க வைப்பது நல்லது?
- ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: இந்த விஷயத்தில் நான் அம்மா கட்சி. அவரை இனிமேல் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம். உங்கள் கேள்வி படுக்கும் பக்கத்தைப் பற்றியது. ஆனால் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது ஒன்று மூன்றான தலையணையும், போகிற போக்கில் எழுதியிருக்கும் கால் வீக்கமும்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்தக் குப்புறப் படுக்கும் கதை. 2021 ஏப்ரலில், படுக்கை கிடைக்காமல் ஊரே அலைந்துகொண்டிருந்தபோது, மத்திய சுகாதார அமைச்சகம் படம் போட்டு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடை வரை ஒன்றிரண்டு, கால் முன்னெலும்புக்குக் கீழே இரண்டு என்று வைத்துக் குப்புறப் படுக்கச் சொன்னது. அது வீண் ஆலோசனை இல்லை. நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம்தான் இருக்கிறது, இதயம் முன்பக்கம். மல்லாந்து படுத்தால் இதயத்தின் பாரமும், மேலே தள்ளும் வயிற்றின் பாரமும் முதுகுப் பக்க நுரையீரலை அமுக்குகின்றன. கொரோனா நிமோனியாவில் அந்தப் பகுதிதான் நீர் கோத்துச் சுருங்கிக் கிடக்கும். ரத்தமோ அங்கேயே அதிகம் ஓடிக்கொண்டிருக்கும். காற்று வராத இடத்தில் ரத்தம் ஓடி என்ன பயன்? ஆளைத் திருப்பிப் போட்டால் சுருங்கிய காற்றறைகள் விரிந்து, ரத்தம் ஓடும் இடத்துக்குக் காற்றும் வந்து சேர்கிறது.

இது கொரோனாவுக்கு முன்பே தெரிந்த வித்தை. வென்டிலேட்டரில் இருந்த மிகக் கடுமையான நோயாளிகளை ஒரு நாளில் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் போட்டுப் பிரான்சிலும் ஸ்பெயினிலும் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. 28 நாளுக்குள் இறந்தவர்கள் மல்லாந்தே இருந்தவர்களில் நூற்றுக்கு 33 பேர், குப்புறப் போட்டவர்களில் 16 பேர். பாதியாகக் குறைந்தது. ஆனால் கொரோனாவில் விழிப்போடு இருந்தவர்களைப் படுக்க வைத்துப் பார்த்தபோது லாபம் இவ்வளவு பெரிதாக இல்லை. வென்டிலேட்டர் வரை போவது ஓரளவு குறைந்தது, அவ்வளவுதான். எங்கள் வார்டில் தொந்தியுள்ள ஒருவர் இருந்தார். குப்புறப் போட்டால் 94, ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் அவரால் தாங்க முடியாது. ஒருக்களிக்க வைத்தோம். 92தான் வந்தது, ஆனால் நிம்மதியாகத் தூங்கினார். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் நான் அந்த 92ஐத்தான் எடுத்துக்கொள்வேன்.

அம்மாவின் நோய் வேறு ரகம். நிமோனியாவில் காற்று உள்ளே போவதில்லை என்றால், சிஓபிடியில் போன காற்று வெளியே வருவதில்லை. மூச்சுக்குழாய்கள் இறுகிக் காற்று உள்ளேயே தங்கி நுரையீரல் ஊதிப்போய் நிற்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே விரித்த குடை மாதிரி ஒரு தசை இருக்கிறது, உதரவிதானம் என்பார்கள். ஊதிய நுரையீரல் அந்தக் குடையை அமுக்கித் தட்டையாக்கிவிடுகிறது. தட்டையான குடையால் இழுத்து மூச்சு வாங்க முடியாது. இந்த நிலையில் அவரைக் குப்புறப் போட்டால், விலா எலும்பு அசைவதற்கு இருந்த கொஞ்சநஞ்ச இடமும் போய்விடும். திட்டாமல் என்ன செய்வார்?

அவர் தானாகச் செய்கிறாரே, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கம்பியைப் பிடிப்பது, அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. முன்னால் சாய்ந்தால் வயிற்று உறுப்புகள் குடையைக் கீழிருந்து மேலே தள்ளிப் பழைய வளைவைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். கைகளை எங்காவது ஊன்றிவிட்டால் தோள், மார்புத் தசைகள் கையைத் தாங்கும் வேலையை விட்டுவிட்டு விலாவைத் தூக்கும் வேலைக்கு வந்துவிடும். யாரும் சொல்லித்தராமல் இரைப்புக்காரர்கள் எல்லோரும் இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஜன்னல் கம்பி மட்டும் கொஞ்சம் உயரம். அதற்குப் பதிலாகக் கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன்மேல் இரண்டு தலையணை வைத்து, முழங்கைகளையும் நெற்றியையும் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கால் பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும். மூக்கால் இழுத்து, சூடான காபியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விட வேண்டும். முகத்துக்கு நேரே ஒரு பனை விசிறியால் வீசுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. முகத்தில் காற்றுப் பட்டாலே மூச்சுத் திணறும் உணர்வு குறைகிறது, ஆக்சிமீட்டரில் எண் மாறாவிட்டாலும்கூட. ஆக்சிஜன் அளவும் திணறலும் ஒன்றல்ல. 92 இருக்கும்போதே திணறலாம், 88இல் சாவகாசமாக சீரியலும் பார்க்கலாம்.

தூங்குவதற்குத் தலையணைகளை அடுக்குவது சுகமில்லை. கழுத்து மடங்கும், உடம்பு நடுவில் குழிந்து வயிறு இன்னும் மேலே ஏறும். இடுப்பிலிருந்து மேலே முழுதாகச் சாய்ந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டில் வாங்க வேண்டியதில்லை. ஒரு மரநாற்காலியைத் தலைப்பக்கம் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகுச் சாய்வின்மேல் மெத்தையையோ மடித்த போர்வையையோ போட்டால் நல்ல சாய்மானம் கிடைக்கும். எங்கள் பாட்டி காலத்து வைத்தியம் இது, இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் கீழே சரியமாட்டார்.

அப்புறம் அந்த 86. ஆக்சிமீட்டர் எந்தக் கையில் மாட்டியிருந்தது? இடது பக்கம் படுத்து, இடது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டு, அதே கை விரலில் கருவியும் இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து எண் தப்பாகக் காட்டும். மருதாணி, நகப்பூச்சு, சில்லிட்ட விரல் எல்லாமே குழப்பும். மேலே இருக்கும் கையில், விரலைத் தேய்த்துச் சூடாக்கி மாட்டி, எண் ஒரு நிமிடம் ஆடாமல் நின்ற பிறகு எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் இடது பக்கம் மட்டும் குறைகிறது, அந்தப் பக்கம் படுக்கவே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால், அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். பலவீனமான இதயம் உள்ளவர்கள் பலருக்கு இடது பக்கம் ஒத்துக்கொள்வதில்லை. இன்னொன்று, உட்கார்ந்தால் 92 என்பது சிஓபிடிக்கு மோசமான எண் அல்ல. இவர்களுக்கு ஆக்சிஜன் வைக்கும்போதே நாங்கள் 88க்கும் 92க்கும் இடையில்தான் நிறுத்துவோம். 98 வரட்டும் என்று வீட்டில் யாராவது சிலிண்டரைத் திறந்துவிட்டால் கரியமில வாயு ரத்தத்தில் சேர்ந்து மயக்கத்தில் கொண்டுபோய் விடும். தூங்கட்டும் என்று தூக்க மாத்திரையும் கொடுத்துவிடாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பக்க நுரையீரலில் மட்டும் நிமோனியா என்றால் பெரியவர்களுக்கு நல்ல பக்கம் கீழே இருக்கும்படி படுப்பது ஆக்சிஜனுக்கு நல்லது, ரத்தம் அந்தப் பக்கம் இறங்கும். இருமலில் ரத்தம் கொட்டுகிறது என்றால் இதற்கு நேர்மாறு: ரத்தம் கசியும் பக்கம் கீழே இருக்க வேண்டும், நல்ல நுரையீரலுக்குள் வழியக்கூடாது. ஈரல் சுருங்கிய சிலருக்கோ உட்கார்ந்தால் ஆக்சிஜன் குறையும், படுத்தால் ஏறும். கைக்குழந்தையை மல்லாத்தித்தான் தூங்க வைக்க வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்தது நமக்கும் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, தலையணைக்கு வருவோம். படுத்தவுடன் காலிலும் வயிற்றிலும் தங்கியிருந்த ரத்தம் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை நெஞ்சுக்குத் திரும்பி வருகிறது. நல்ல இதயம் அதை அப்படியே வாங்கித் தள்ளிவிடும். தளர்ந்த இதயத்தால் முடியாது. மிச்சம் நுரையீரலில் தேங்கும், மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் இறங்கும். இதனால்தான் ‘எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள்’ என்று நாங்கள் கேட்பது. மூன்று மாதத்தில் ஒன்று மூன்றானது, சாயங்காலம் கால் வீங்குவது, நடுராத்திரி எழுந்து உட்காருவது, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சிஓபிடி முற்றிவிட்டது என்று மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நீண்டநாள் நுரையீரல் நோய் இதயத்தின் வலது பக்கத்தைச் சோர்வடையச் செய்யும். ரத்த அழுத்தம் இருந்தால் இடது பக்கமும் தளரலாம். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் திடுக்கென்று எழுகிறாரா, அல்லது விடியற்காலையில் சளி துப்பியதும் சரியாகிறதா என்று கவனியுங்கள். முதலாவது இதயத்தைக் காட்டும், இரண்டாவது நுரையீரலை. இரண்டும் கலந்தும் வரும். கால் முன்னெலும்பின்மேல் கட்டைவிரலால் பத்து வினாடி அழுத்தி எடுங்கள், குழி அப்படியே நிற்கிறதா பாருங்கள். இந்த வாரமே இசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) மூன்றும் எடுத்துவிடுவது நல்லது. நீர் பிரியும் மாத்திரையில் பாதித் தொல்லை தீர்கிற கேஸாகக்கூட இருக்கலாம். அதை மட்டும் நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, பேச்சு குழறித் தூங்கி வழிகிறார், நுரை நுரையாக இளஞ்சிவப்புச் சளி வருகிறது, உட்கார்ந்தும் எண் 88க்குக் கீழேயே நிற்கிறது என்றால் காலை வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். சொந்தக் காரில் போவதானால் பின்சீட்டில் நீட்டிப் படுக்க வைத்துக் கூட்டிப்போகாதீர்கள். நிறையப் பேர் பதற்றத்தில் அதைத்தான் செய்கிறார்கள். முன்சீட்டோ பின்சீட்டோ, நிமிர்ந்து உட்காரட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

எக்கோ எடுக்கும்போது பெரும்பாலும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். அம்மாவுக்கு ஆகாத அதே பக்கம். “படுத்தா இவங்களுக்கு மூச்சு முட்டும்” என்று உள்ளே போகும்போதே சொல்லிவிடுங்கள், தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தே எடுத்துவிடுவார்கள்.