அல்லிராணி கோட்டை: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் ஒட்டுசுட்டான். போன மாதம் அம்மம்மா பிறந்த பக்கத்தைப் பார்ப்பம் என்று குடும்பமாக மன்னார்ப் பக்கத்து அரிப்புக்குப் போனோம். அம்மம்மாவுக்கு ஏலாது, வரவில்லை. அங்கே கடற்கரையில் இடிந்து நிற்கிற அல்லிராணி கோட்டை அல்லி என்ற ராணியுடையது என்ற கதையை அவ சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அங்கே நின்ற ஒருவர், இது வெள்ளைக்காரத் தேசாதிபதி கட்டின மாளிகை, அல்லியுமில்லை ராணியுமில்லை என்று சொன்னார். எனக்கு நெஞ்சு கனத்துப் போய்விட்டது. அம்மம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இவ்வளவு காலமும் பொய்யையா நம்பினோம்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அவர் சொன்னது சரி. கட்டுவித்தவர் பிரெடரிக் நோர்த், இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதி. 1801இல் தொடங்கி 1804இல் முடித்தார்கள். கிரேக்க டொரிக் பாணித் தூண்களால் ஆங்கிலத்தில் டொரிக் என்றே அதற்குப் பெயர். முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்கி மேற்பார்வை செய்யக் கட்டிய மாளிகை அது. பக்கத்து ஊர்ப் பெயரைக் கவனித்தீர்களா? சிலாவத்துறை. சலாபம் என்றால் முத்துக்குளிப்பு.

அடுத்த முறை போனால் சுவருக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். உப்புக் காற்று செங்கல்லைத் தின்றுவிட்டது. இடையில் பூசிய சாந்து மட்டும் வயல் வரம்பு மாதிரி எழும்பி நிற்கும். விரலால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டும். அந்தச் சுண்ணாம்பு முத்துச்சிப்பியைச் சுட்டு எடுத்தது. கல்லைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சில் கடலடிக்குப் போய், கைக்கு எட்டியதை வாரிக்கொண்டு மேலே வந்தவர்களின் சிப்பி. சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்லும் கடற்கட்டி கரையில் நிற்காமல் அவர்கள் இறங்கவே மாட்டார்கள். அதனால் கடற்கட்டிக்கு அரசாங்கமே கூலி கொடுத்து வைத்திருந்தது. கொண்டுவந்த சிப்பியைக் குவித்து அழுகவிட்டுக் கழுவித்தான் முத்துப் பொறுக்குவார்கள். அந்த நாற்றத்தை நினைத்துக்கொண்டு அந்தத் தூண்களைப் பாருங்கள். முத்து கப்பலேறியது. ஓடு சுவரில் ஏறியது.

நீங்கள் ஒட்டுசுட்டான் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கற்சிலைமடு உங்களுக்குக் கூப்பிடு தூரம். வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது 1803 ஆகஸ்ட் 25. கப்டன் வொன் டிறிபேர்க்கின் ஆங்கிலப் படை அவனைக் கற்சிலைமடுவில் தோற்கடித்தது அதே ஆண்டு ஒக்டோபர் 31. அந்தப் படையின் தேசாதிபதியும் இதே நோர்த்தான். வன்னியின் கிழக்கில் சண்டை நடந்தபோது மேற்குக் கரையில் அவருக்குத் தூண் எழும்பிக்கொண்டிருந்தது. கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் தங்கள் வெற்றியை ஆங்கிலத்தில் கல்லில் வெட்டி நட்டார்கள். அரிப்பில் நோர்த்தின் பெயரைச் சனம் வாயில் வைத்திருக்கவில்லை. ஆண்களுக்கு அடங்காத, மதுரையை ஆண்ட அல்லியின் பெயரைத்தான் வைத்தது. தெற்கே குதிரைமலையிலும் அல்லியின் அரண்மனை இருந்தது என்பார்கள். இந்தக் கரையில் பெரிதாக எது நின்றாலும் அது அவளுடையது என்று சனம் முடிவு கட்டியிருக்கிறது. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. யார் கட்டினார் என்பதற்கு நோர்த்தைச் சொல்லுங்கள். யாருடையது என்று கேட்டால் அம்மம்மா சொன்னதையே சொல்லுங்கள்.

எனக்கு உண்மையான பயம் வேறு. கடல் கரையை அரித்துக்கொண்டு அடிவாரத்துக்கே வந்துவிட்டது. சுவர்கள் விழுகின்றன. அதோடு, கதை சொன்ன சனமும் அங்கே நிம்மதியாக இருக்கவில்லை. 1990இல் அரிப்பைச் சுற்றிய முசலிப் பக்கத்து முஸ்லிம் சனங்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2007இல் சண்டை வந்து மற்றவர்களும் இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்தவர்களில் எத்தனை பேர் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்கிறார்களோ!

அதனால் உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். நீங்கள் எடுத்த படங்களை அம்மம்மாவிடம் காட்டுங்கள். அல்லி எந்த வாசலால் கடலுக்கு இறங்கினாள், எந்த யன்னலில் நின்று தோணிகளைப் பார்த்தாள் என்று கேளுங்கள். அவ சொல்லச் சொல்ல, அவவின் பேச்சிலேயே, ஒரு சொல்லும் திருத்தாமல் எழுதி அனுப்புங்கள். இங்கேயே போடுகிறேன்.