பி செல்லும் லிம்போமாவும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: சமிக்ஞைப் புரதம் இல்லாவிட்டால் நோய் எதிர்ப்புச் செல் வளராதா?

வளராது. செல்லுக்குள் செய்தி கடத்தும் பிடிகே என்ற புரதத்தையே பாருங்கள். அடிக்கடி தொற்று வந்து அவதிப்பட்ட ஒரு சிறுவனின் இரத்தத்தில் காமா குளோபுலினே (கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடிகள்) இல்லை என்று 1952ல் அமெரிக்க மருத்துவர் ப்ரூட்டன் எழுதினார். காரணம் பிடிகே மரபணுவின் கோளாறு என்று 1993ல்தான் தெரிந்தது. எலும்பு மஜ்ஜையில், ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளணுவான பி செல் உருவாகும்போது, கிருமியை அடையாளம் காணும் அதன் ஏற்பியின் பாதி மட்டும் தயாரானதும் செல்லின் மேற்பரப்புக்கு வந்து, ‘இதுவரை சரியாக இருக்கிறது’ என்று உள்ளே செய்தி அனுப்பும். அது கிடைத்தால் செல் பெருகும், இல்லையென்றால் செத்துவிடும். இந்த மரபணுக் கோளாறுள்ள குழந்தைகளுக்குச் செய்தி பிடிகேயோடு அறுந்துபோகிறது. பி செல் அந்தப் படியைத் தாண்டுவதே அரிது.

கேள்வி: டி செல்லுக்கும் இதேதானா?

முறை அதே, புரதங்கள் வேறு. மார்பில் உள்ள தைமஸ் சுரப்பியில் நாட்ச் 1 என்ற புரதத்தின் செய்தி கிடைத்தால்தான் செல், டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணுவாகும்.

கேள்வி: அப்புறம் லிம்போமா எங்கே வருகிறது?

செய்தி நிற்காமல் ஓடும்போது. லிம்போமா என்பது இந்தச் செல்களில் வரும் புற்றுநோய். கிருமி வந்ததைச் செல்லுக்குள் தெரிவிக்கும் மைடி88 புரதத்தின் 265ஆவது இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் போய் புரோலின் வந்தால், கிருமியே இல்லாதபோதும் ‘கிருமி வந்திருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வால்டன்ஸ்ட்ராம் என்ற பி செல் லிம்போமா வந்த நோயாளிகளில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களிடம் இந்த மாற்றம் உண்டு.

கேள்வி: அப்பாவுக்கு இப்ரூட்டினிப் எழுதியிருக்கிறார்கள். அது என்ன செய்யும்?

மேலே சொன்ன அதே பிடிகேயைத்தான் பிடித்து, செய்தி போகாமல் தடுக்கும். அதன் 481ஆவது இடத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொண்டு விடாது. அந்த சிஸ்டீன் செரீனாக மாறினால் பிடி தளர்ந்து மருந்து கேட்காமல் போகலாம். நெஞ்சு படபடத்தாலோ இரத்தம் கசிந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். பல் பிடுங்குவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தவே வேண்டாம்.

கேள்வி: ஆன்டிபயாடிக்கில் லிம்போமா போகும் என்கிறார்களே, உண்மையா?

ஒரு வகையில் உண்மை. இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி தூண்டிக்கொண்டே இருப்பதால் வரும் மால்ட் லிம்போமா, ஆரம்ப நிலையில் இருந்தால், கிருமியை ஒழித்ததும் பெரும்பாலானோருக்குச் சுருங்கிவிடுகிறது. 11, 18ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி இணைந்திருந்தால் அப்படி நடப்பது குறைவு. அங்கே செல்லுக்குக் கிருமியின் தூண்டுதல் தேவைப்படுவதில்லை, செய்தி உள்ளேயே உற்பத்தியாகிறது.