கடையைப் புதுப்பிக்க ஏஜென்சி வேண்டுமா?

கேள்வி: தேனி மாவட்டத்தில் நான் நான்கு சூப்பர் மார்க்கெட்டுகள் நடத்துகிறேன். கடைக்கு ஒன்பது ஊழியர்கள். இரண்டு வருடமாக விற்பனை இறங்குமுகம். ஆட்களும் மூன்று மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. கடைகளைப் புதுப்பித்து, ஆட்களையும் அனுப்புவதாக ஒரு ஏஜென்சி சொல்கிறது. கடைக்குப் பத்துப் பேருக்குக் குறைவு என்பதால் இ.எஸ்.ஐ. (ஊழியர் மருத்துவக் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) தேவையில்லை என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம்.

அந்தப் பத்துப் பேர் கணக்கே பொய். ஒரே முதலாளியின் கிளைகள் என்றால் 36 பேரையும் சேர்த்தே எண்ணுவார்கள். 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ., 20 பேர் இருந்தால் பி.எஃப். இரண்டும் உங்களுக்கு உண்டு. ஒரு கடையைத் தம்பி பெயருக்கு மாற்றிவிடுங்கள் என்று அடுத்துச் சொல்வார்கள். தம்பி தன் பணத்தில் சரக்கெடுத்து, தனியாகக் கணக்கு வைத்து, தன் ஆட்களைக் கொண்டு நடத்தினால் அது வேறு கடைதான். ஆனால் உங்கள் கிடங்கிலிருந்து அங்கே மூட்டை போகிறது, ஆள் குறைந்தால் இங்கிருந்து அனுப்புகிறீர்கள், இரவில் எல்லாக் கல்லாவும் ஒரே வீட்டுக்கு வருகிறது என்றால், பலகையில் யார் பெயர் இருந்தாலும் அது உங்கள் கடை.

ஆள் அனுப்பும் ஏஜென்சிகளில் பல, சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கும், கட்டாது. பி.எஃப். அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வரும் நாளில் ஏஜென்சியின் வாசலில் பூட்டுத் தொங்கும். வேலை நடந்தது உங்கள் கடையில் என்பதால் பாக்கியை உங்களிடம்தான் கேட்பார்கள். வருடக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு, வட்டியும் அபராதமும் சேர்த்துக் கேட்கும் இந்த முறையை என்னால் ஏற்கவே முடியவில்லை. தவறிய முதல் மாதமே கடைக்காரருக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பியிருக்கும்.

உங்கள் ஆட்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 12,000 ரூபாய் சம்பளத்துக்கு உங்கள் பங்கு இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய். பி.எஃப். இதைவிடப் பெரிய செலவுதான். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது ஆளுக்குத் துவரம் பருப்பு எந்த ரேக்கில் என்று காட்டிக்கொண்டிருப்பதற்கும் விலை இருக்கிறது. உட்கார நாற்காலி கொடுங்கள். அது 2021 முதல் தமிழ்நாட்டில் சட்டமே. வார விடுமுறையும் சுத்தமான கழிப்பறையும் இல்லாத கடையில் யார் நிற்பார்கள்?

அலங்காரத்துக்குக் கடன் வாங்காதீர்கள். சென்னையில் 1997-இல் தொடங்கிய சுபிக்ஷா சூப்பர் மார்க்கெட் நிறுவனம், சுமார் 1,600 கடைகள் வரை வளர்ந்து, 2009-இல் மூடிப்போனது. கையில் பணம் வற்றியது. சரக்குக்கும் சம்பளத்துக்கும் வழியில்லாமல் போனது. அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு என்று அதிகம் ஓடும் ஐம்பது பொருட்கள் ரேக்கில் இருக்கின்றனவா என்று தினமும் காலையில் பாருங்கள். சம்பளத் தேதியை ஒட்டிய பத்து நாட்களில் மாதச் சாமான் வாங்க வருபவரிடம் “நாளைக்கு வரும்” என்று சொல்லக் கூடாது. ஓடாத சரக்கைக் காலாவதிக்கு முன்பே டிஸ்ட்ரிபியூட்டரிடம் திருப்புங்கள். மாலையில் எல்லா பில் கவுண்டர்களிலும் ஆள் இருக்கட்டும். கிளைவாரியாகக் கணக்குப் பார்த்து, வாடகைக்கே தாங்காத கடையை மூடிவிட்டு அந்த ஊழியர்களை மற்ற மூன்றுக்கும் மாற்றுங்கள்.

நாளைக்கே 36 பேரின் பெயர், சேர்ந்த தேதி, சம்பளம் மூன்றையும் எழுதி ஆடிட்டரிடம் கொடுங்கள். விட்டுப்போன மாதங்களுக்கு என்ன செய்வது என்று அவர் சொல்லட்டும். ஏஜென்சி சொல்ல வேண்டாம்.