கடல் எப்படி நாஸ்டியாகும்?

வணக்கம் ஐயா,

நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். வெள்ளைக்காரர் எழுதிவைத்துப் போகும் குறைகளைத் தமிழில் எழுதி முதலாளிக்குக் கொடுக்க வேண்டும். 'நாஸ்டி' என்ற சொல் அடிக்கடி வருகிறது. அகராதியில் 'அருவருப்பான' என்று இருக்கிறது. குளியலறை நாற்றத்துக்கு அது பொருந்துகிறது. 'கடல் நாஸ்டி' என்றால் என்ன? எல்லா இடத்திலும் அருவருப்பு என்றே எழுதலாமா?

வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கச்சி,

எழுதினால் உங்கள் முதலாளி கரையைக் கூட்ட ஆள் அனுப்பிவிடுவார். 'கடல் நாஸ்டி' என்று எழுதிய மனுசன் மாரியில் வந்திருப்பார். வாடைக்காற்றில் நிலாவெளிக் கடல் படும் பாட்டைத்தான் சொல்கிறார்.

'நாஸ்டி' ஆங்கிலத்தில் வந்த காலத்தில், 1400ஐ ஒட்டி, அதற்கு அழுக்கு என்றுதான் பொருள். நம்முடைய 'ஊத்தை'. பிறகுதான் காற்று, காயம், குணம் என்று பரவியது. அகராதி பழைய வீட்டையே காட்டிக்கொண்டு நிற்கிறது. நாற்றத்துக்கும் ருசிக்கும் அருவருப்பு இருக்கட்டும். மற்ற இடங்களில் 'பொல்லாத' என்று போட்டுப் பாருங்கள். பொல்லாத கடல். பக்கத்துப் புறாமலைத் தீவில் முருகைக்கல் கீறினால் பொல்லாத காயம்.

ஆளைப் பற்றி எழுதியிருந்தால் மட்டும் நின்று யோசியுங்கள், ஒரு பெடியனின் வேலை போய்விடலாம். 'ரூட்' (rude) என்றால் அவனுக்கு மரியாதை தெரியவில்லை, முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். 'நாஸ்டி' என்றால் வேண்டுமென்றே மனம் நோகப் பேசினான் என்று குற்றம் சாட்டுகிறார்கள். இரண்டையும் 'கெட்டவன்' என்று ஒரே சொல்லில் அடைத்துக் கொடுப்பது அநியாயம். 'வாக்குவாதம் நாஸ்டியானது' என்று எழுதியிருந்தால், பேச்சு முற்றிக் கேவலமாகிவிட்டது என்று அர்த்தம்.

2016 தேர்தல் விவாதத்தில் ஹிலாரி கிளின்டன் பேசிக்கொண்டிருக்கும்போது டிரம்ப் குறுக்கிட்டு 'நாஸ்டி வுமன்' என்றார். ஹிலாரியை ஆதரித்த பெண்கள் அதையே டீ-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். 'அருவருப்பான பெண்' என்று யாராவது நெஞ்சில் எழுதிக்கொண்டு திரிவார்களா? 'பொல்லாத பொம்பிளை' என்றால் திரியலாம்.

நீங்கள் ஆங்கிலத்தில் பதில் போடும்போது இந்தச் சொல்லைத் தொட வேண்டாம். அது பேச்சில் புழங்குவது, கொஞ்சம் சூடானது. 'அன்பிளெசன்ட்' போதும்.

அமெரிக்க விளையாட்டுக்காரர் ஒருவரின் திறமையை மெச்சியும் 'நாஸ்டி' என்பார்கள், நாம் 'பொல்லாத ஆளப்பா' என்பது போல. அதற்காக உங்கள் மீன்குழம்பை யாராவது நாஸ்டி என்று எழுதியிருந்தால் சமையல்காரரிடம் போய்ப் பாராட்டிவிடாதீர்கள்.