டெஸ்டோஸ்டிரோன் குறைவால் எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது. மூலிகையிலேயே சரிசெய்ய முடியுமா?

நானும் இதே கேள்வியோடு எட்டு மாதத்தை வீணாக்கியவன். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பின் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயது எலும்போடு ஒப்பிடும் மதிப்பெண்) மைனஸ் 2.7 என்று வந்தது. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிதல் நோய்தான். டெஸ்டோஸ்டிரோனும் குறைவு. மாத்திரை என்றாலே எனக்கு ஆகாது. அமுக்கரா, நெருஞ்சில், பிரண்டை மூன்றையும் பொடியாகவே ஆரம்பித்துவிட்டேன்.

பிரண்டைப் பொடி கொஞ்சம் தொண்டையை அரிக்கும். அந்த அரிப்பை வைத்தே மருந்து வேலை செய்கிறது என்று நம்பினேன். அது வெறும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் குத்துவது!

எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஹார்மோன் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்புறம்தான் ஹார்மோன் மருத்துவரிடம் போனேன். "ஏன் குறைந்தது என்று யாராவது பார்த்தார்களா?" என்றார். யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட. டெஸ்டோஸ்டிரோனை அமுக்கிவிடும் புரோலாக்டின் ஹார்மோன் எகிறியிருந்தது; காரணம், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி. எந்தப் பொடியும் அதைத் தொட்டிருக்காது. புரோலாக்டினைக் குறைக்கும் காபர்கோலின் மாத்திரையில் டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறியது.

மூலிகைகளைப் பற்றி: நெருஞ்சில் மனிதர்களிடம் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றுவதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை. அமுக்கரா சில சிறிய ஆய்வுகளில் கொஞ்சம் ஏற்றியிருக்கிறது. ஆனால் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது, தைராய்டு உள்ளவர்கள் கவனம். பிரண்டைக்கு எலும்பு விஷயத்தில் இருப்பது பெரும்பாலும் விலங்கு ஆய்வுகள்தான்.

சரி, ஹார்மோனை ஏற்றினாலே எலும்பு தேறிவிடுமா? ஆண்களின் எலும்பைக் காப்பதில் பெரும்பங்கு, டெஸ்டோஸ்டிரோனில் ஒரு சிறு பகுதி மாறி உருவாகும் ஈஸ்ட்ரோஜனுக்கு. அசல் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லைக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது: ஜெல் பூசியவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு எலும்பு முறிவு, வெற்று ஜெல் பூசியவர்களில் சுமார் 2.5 சதவீதம். குறையவே இல்லை, கூடியிருக்கிறது. அசல் ஹார்மோனுக்கே இந்தக் கதி என்றால், பொடியிடம் என்ன எதிர்பார்ப்பது?

அதனால் காலையில், இரண்டு வெவ்வேறு நாட்களில் டெஸ்டோஸ்டிரோன் பாருங்கள். கூடவே எல்.எச். (விரையை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கச் சொல்லும் பிட்யூட்டரி ஹார்மோன்), புரோலாக்டின், வைட்டமின் டி. எலும்பை மெலிய வைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். முறிவு அபாயம் அதிகம் என்றால் அலென்ட்ரோனேட் மாதிரி எலும்புக்கென்றே இருக்கும் மருந்தைப் பற்றிக் கேளுங்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்காக ஹார்மோனைக் குறைத்திருப்பவர்கள், அதை ஏற்றுவதாகச் சொல்லும் எதையும் தொடவே வேண்டாம்.